பழுப்புப் பட்டை

ஊரப்பாக்கம்
4 ஆகஸ்ட் 2002

அன்புள்ள அக்கா,

நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்கு மணிக்கட்டு வலி மட்டும் போகவில்லை, ஆனாலும் பாத்திரம் தேய்க்க என்னை விடமாட்டேன் என்கிறாள். நீ, மாமா, குட்டி ஜெயஸ்ரீ எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? திக்லிப்பூரில் மழை விட்டதா?

போன வாரம் போனில் கத்தியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. அந்தமான் லைனில் பாதிப் பேச்சு கடலில் விழுந்துவிடுகிறது. மீதிப் பாதியில் நாம் சண்டை போட்டுக்கொள்கிறோம். இனிமேல் கடிதம்தான். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, பார்.

விஷயம் இதுதான். அம்மா கெடு வைத்துவிட்டாள். "தைக்குள்ள உன் ஆராய்ச்சிய முடி. முடிச்சா உன் இஷ்டம், முடிக்கலன்னா என் இஷ்டம்" என்கிறாள். அம்மாவின் இஷ்டம் யார் தெரியுமா? பெங்களூரில் ஒரு சாப்ட்வேர் மாப்பிள்ளை. ஜாதகம் இப்போதே சாமி அலமாரியில் குங்குமச் சிமிழுக்கு அடியில் இருக்கிறது. போட்டோவில் பார்க்க நல்ல பையனாகத்தான் இருக்கிறான். அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் என் வாழ்க்கையை ஒரு சிமிழுக்கு அடியில் வைத்து அமுக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

"அப்படி என்னதான்டி ஆராய்ச்சி?" என்று போனில் கேட்டாயே, சொல்கிறேன். இரண்டு எஃகு வட்டுகள். விளிம்போடு விளிம்பு அழுத்திக்கொண்டு சுற்றும். ஒன்று வேகமாக, மற்றது கொஞ்சம் மெதுவாக. அதனால் உருளவும் செய்யும், வழுக்கவும் செய்யும். கியர் பல் அப்படித்தான் வேலை செய்கிறது. நடுவில் எண்ணெய். உன் தலைமுடி ஒன்றை எடுத்து நூறு இருநூறாகப் பிளந்தால் எவ்வளவு மெல்லிசாக இருக்கும், அவ்வளவு மெல்லிய எண்ணெய்ப் படலம். எஃகு கண்ணுக்கு வழவழவென்று தெரிந்தாலும் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். படலம் மேட்டைவிடத் தடிமனாக இருந்தால் இரும்பும் இரும்பும் தொடாது. எடையை ஏற்ற ஏற்றச் சூடாகும், எண்ணெய் இளகும், படலம் மெலியும், மேடுகள் முட்டும். கடைசியில் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கும். சீஸ் ஆகிவிட்டது என்பார்கள். எந்த எடையில் அது நடக்கிறது, ஏன் அந்த எடையில் நடக்கிறது, இதுதான் என் தலைவலி.

எந்திரம் இருப்பது சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் ஒரு கியர் கம்பெனியில். கல்லூரிக்காக மதியத்துக்கு மேல் எனக்கு விடுகிறார்கள். அங்கே பென்னி என்று ஒரு க்யூ.சி. ஆள். தரம் பார்ப்பதுதான் உத்தியோகம். என் உயிரை வாங்குகிறார். தரையில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் போதும், துணியோடு வந்து நிற்பார். "மேடம், இது ஃபேக்டரி, மெக்கானிக் ஷெட் இல்ல" என்பார். நாளை இரண்டு சொட்டாக ஊற்றப் போகிறேன்.

குட்டிக்கு என் முத்தம்.

உன் தங்கை,
வெண்ணிலா


திக்லிப்பூர்
25 ஆகஸ்ட் 2002

என் தங்கச் சண்டைக்காரிக்கு,

உன் கடிதம் நேற்றுதான் கிடைத்தது. மூவரும் நலம். மழை விட்டு, அட்டைப்பூச்சி தொடங்கியிருக்கிறது. அம்மாவின் கைக்கு இங்கேயிருந்து தைலம் அனுப்பியிருக்கிறேன்.

வட்டுக் கதை புரிந்தது. உன் மாமாவுக்கும் படித்துக் காட்டினேன், தூங்கிவிட்டார்.

அவர் செய்த காரியத்தைக் கேள். எனக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் படுத்திருந்தேன். உதவி பண்ணுகிறாராம். கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த தோசைக்கல்லை எடுத்து, சோப்பும் கம்பி நாரும் போட்டுத் தேய் தேயென்று தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார். "எவ்ளோ அழுக்கு இருந்துச்சு தெரியுமா சரளா!" என்று பெருமை வேறு. ஆறு வருஷம் பழக்கிய கல்! இப்போது தோசை ஊற்றினால் கல்லோடு கல்லாக ஒட்டுகிறது, சுரண்டிச் சுரண்டி உப்புமா மாதிரி தின்கிறோம். அழுதேவிட்டேன். மறுபடியும் முதலிலிருந்து எண்ணெய் தடவிப் பழக்க வேண்டும்.

உன் எந்திரத்துக்கு ஆயுத பூஜை அன்று நன்றாகத் துடைத்து ஒரு பொட்டு வை. சிரிக்காதே. நல்லபடியாக ஓடும். கெடுவுக்குள் முடித்துவிடு. அம்மா சொன்ன சொல்லை மாற்றமாட்டாள், அது உனக்குச் சாதகமும்தான்.

அந்தத் துணிக்காரர் என்ன வயசு?

அன்புடன்,
சரளா


ஊரப்பாக்கம்
15 செப்டம்பர் 2002

அன்புள்ள அக்கா,

தைலம் வந்தது, அம்மா தடவுகிறாள், இதமாக இருக்கிறதாம். நான் மட்டும் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான்.

ஒரு ஜோடி வட்டுகளைக் குழந்தை மாதிரி வளர்த்து வந்தேன். முதலில் லேசான எடை, நாளாக நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஓட்டினேன். வாரக்கணக்கில் ஓடியதில் விளிம்பில் பழுப்பாக ஒரு பட்டை விழுந்திருக்கிறது, டீக்கறை மாதிரி. இப்போது பார், என் கைடு ஏகநாதன் சார் கணக்குப்படி இந்த மெல்லிய படலத்துக்கு இந்த எடையில் அது சீஸ் ஆகியே தீர வேண்டும். ஆகவில்லை! மேலே ஏற்றினேன், ஆகவில்லை. இன்னும் ஏற்றினேன், அசராமல் ஓடுகிறது. சந்தோஷமாகப் போய்ச் சொன்னால், "கேஜ் தப்பா காட்டுது. எடையே ஏறியிருக்காதும்மா" என்கிறார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் கேஜ் சரி என்று எப்படி நிரூபிப்பது?

பென்னி சாருக்குக் கேஜ் சோதிப்பதுதான் வேலை. கழற்றி, பக்கத்து கேஜோடு ஒப்பிட்டு, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஏகநாதன் சார் அதையும் நம்பவில்லை. "உங்க சார் என்னையே ரிஜெக்ட் பண்ணிட்டாரா?" என்று பென்னி சாருக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் பாவமாக இருந்தது.

நீ சொன்ன பொட்டு விஷயத்தை அவரிடம் சொல்லிச் சிரித்தேன். "எல்லா மிஷினுக்கும் பூஜை போடுவாங்க, என்னோடதை யாரு கண்டுக்கப் போறா? விருந்தாளி மிஷின்தானே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அதெல்லாம் எப்படி பண்ணுவாங்க மேடம்?" என்று கேட்டார். அவர்கள் வேதக்காரர்கள். பல்லாவரம் சர்ச்சில் கிடார் வாசிப்பாராம்.

வயசு எனக்குத் தெரியாது. முப்பது இருக்கலாம்.

உன்,
வெண்ணிலா


திக்லிப்பூர்
5 அக்டோபர் 2002

அன்பு வெண்ணிலா,

கப்பல் கிளம்பப் போகிறது என்று உன் மாமா வாசலில் நின்று அவசரப்படுத்துகிறார், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். எல்லாரும் சுகம். கல் இன்னும் பழகவில்லை, பழகிய பிறகு முதல் தோசை உன் மாமாவுக்குக் கிடையாது.

போன கடிதத்தில் 'ஒரு க்யூ.சி. ஆள்'. இந்தக் கடிதத்தில் 'பென்னி சார்'. கிடார் வரைக்கும் தெரிகிறது, வயசு மட்டும் தெரியவில்லையா?

கேஜ் கவலை வேண்டாம், ஏதாவது வழி பிறக்கும்.

அக்கா


ஊரப்பாக்கம்
16 அக்டோபர் 2002

அக்கா,

நலம் விசாரிக்கக்கூட மனசில்லை. நீங்கள் எல்லாரும் நன்றாக இருங்கள். நான் நாசமாகப் போனேன்.

ஆயுத பூஜை முடிந்து நேற்று கம்பெனிக்குப் போனேன். என் எந்திரத்துக்கு மாலை, வாழைக்கன்று, எல்லாப் பக்கமும் சந்தனம், குங்குமம். ஒரு நிமிஷம் கண் கலங்கிவிட்டது, யாரோ நினைத்துச் செய்திருக்கிறார்களே என்று. கிட்டப் போய்ப் பார்த்தேன். வட்டுகள் இரண்டும் கண்ணாடி மாதிரி மின்னுகின்றன. பட்டையைக் காணோம்! எமரி உப்புத்தாளைப் பிடித்துச் சுற்றவிட்டு, பெட்ரோல் ஊற்றித் துடைத்து, அதற்கு மேல் வட்டமாக ஒரு பொட்டு.

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். ஃபிட்டர் துலுக்காணம் ஓடிவந்து, "இன்னாம்மா இப்டி அழுவுற? மிஷினு கண்ணாடி மாரி கீதே! பென்னி சாரு லீவு நாள்ல வந்து, ஒத்த ஆளா தொடச்சிக்கினு இருந்தாரும்மா. சந்தனம் எப்டி வெக்கணும்னு என்னாண்ட கேட்டுக்கினாரு" என்றார்.

பென்னி வந்தார். "ஸ்டெயின் மாதிரி இருந்துச்சு மேடம். ஸ்டெயின் இருந்தா ரிஜெக்ட், அதுதான் எங்க ரூல். யாரும் உங்க மிஷினை ரிஜெக்ட் பண்ணிடக் கூடாதுன்னுதான்..." என்று இழுத்தார். நான் என்னவெல்லாம் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. லேத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் பார்த்தார்கள். அவர் கையில் பொங்கல் தொன்னையோடு நின்றார்.

வாரக்கணக்கில் வளர்த்தது ஒரே நாளில் போயிற்று. இனிமேல் தைக்குள் எங்கே முடிப்பது? அம்மா இன்று காலை ஜாதகத்தைச் சிமிழுக்கு அடியிலிருந்து வெளியே எடுத்துத் தூசி தட்டினாள்.

வெண்ணிலா


ஊரப்பாக்கம்
27 அக்டோபர் 2002

அன்புள்ள அக்கா,

உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. சௌக்கியமா? நான் ரொம்ப ரொம்பச் சௌக்கியம்! காலையிலிருந்து மூன்று தோசை தின்றுவிட்டேன்.

அழுது முடித்த பிறகு, போனது போகட்டும் என்று அதே வட்டுகளை ஓட்டினேன். சார் கணக்குச் சொன்ன எடைகூட வரவில்லை, பாதி தூரத்திலேயே கிறீச்சென்று கத்திக்கொண்டு சீஸ் ஆகிவிட்டது. சரிதான், எல்லாம் முடிந்தது என்று ரயிலில் உட்கார்ந்து வந்தேன். வண்டலூர் தாண்டும்போது உன் தோசைக்கல் ஞாபகம் வந்தது, அக்கா. தேய்த்து வெள்ளியாக்கிய கல்லில் தோசை ஒட்டுகிறது என்று எழுதினாயே!

மறுநாள் கம்பெனிக்கு ஓடினேன். அதே வட்டு, அதே எண்ணெய், அதே கேஜ். கேஜ் தப்பு என்றால் இப்போதும் எடை ஏறாமல் ஓடியிருக்க வேண்டுமே, எப்படிச் சீஸ் ஆயிற்று? விளிம்பில் சேதமாகாத ஓரத்தை, மேடு பள்ளத்தை அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தோம். எமரி போட்டதால் முன்னைவிட வழவழப்பு. கணக்குப்படி பார்த்தால் வழவழப்பான வட்டு இன்னும் அதிக எடை தாங்க வேண்டும். தாங்கவில்லை! அப்படியென்றால் இத்தனை நாள் தாங்கியது எண்ணெய்ப் படலம் மட்டும் இல்லை. அந்தப் பழுப்புப் பட்டைதான். எண்ணெயில் கலந்திருக்கும் ரசாயன மருந்து, மேடுகள் உரசிச் சூடாகும் இடத்தில் மட்டும் இரும்போடு சேர்ந்து மெல்லிசாகப் படிந்திருக்கிறது. எண்ணெய் ஒதுங்கிப்போகும் நேரத்தில் அதுதான் குறுக்கே நின்று இரண்டையும் காப்பாற்றியிருக்கிறது. நாங்கள் அதை அழுக்கு என்று நினைத்திருக்கிறோம்.

ஏகநாதன் சார் என் நோட்டை வாங்கி வரி வரியாகப் பார்த்தார். பிறகு, "ஒரு தடவ நடந்தா ஆக்சிடென்ட். புது ஜோடி எடு. பழக்கு, ஓட்டு. பட்டைய எடுத்துட்டு மறுபடி ஓட்டு. ரெண்டாவது தடவையும் இப்படியே வந்தா தீசிஸ்ல கையெழுத்துப் போடறேன்" என்றார். தைக்குள் முடியும் என்று நினைக்கிறேன். விடுமுறை நாளிலும் எந்திரம் கிடைக்க ஏற்பாடு ஆகியிருக்கிறது.

மாமாவிடம் சொல், அவர் தேய்த்ததற்கு என் தீசிஸில் நன்றி போடுவேன்.

உன்,
வெண்ணிலா


திக்லிப்பூர்
14 நவம்பர் 2002

அடி கள்ளி,

இரண்டு கடிதமும் ஒரே பையில் வந்தன. முதல் கடிதத்தைப் படித்து அழுதேன், பொட்டு வை என்று எழுதித் தொலைத்தவள் நான்தானே என்று. அழுகை நிற்பதற்குள் இரண்டாவதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். உன் மாமா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மற்றபடி நலம். தீசிஸில் பெயர் வரப்போகிறது என்று இங்கே ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டார்.

இப்போது என் கேள்விகளுக்கு வா. நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், பென்னி என்ற பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. மூன்று கடிதமாக நடமாடிக்கொண்டிருந்த மனிதர் எங்கே போனார்? 'வைத்துப் பார்த்தோம்' என்கிறாயே, அந்த 'தோம்' யார்? 'எந்திரம் கிடைக்க ஏற்பாடு ஆகியிருக்கிறது' என்கிறாயே, தானாகவா ஆயிற்று? தரையில் ஒரு சொட்டு எண்ணெய்க்காகச் சண்டை போட்டவள், உன் வேலையையே துடைத்துப்போட்டவரைப் பற்றி மேனேஜரிடம் புகார் பண்ணாமல் ஏன் விட்டாய்?

நான் உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். ஆமாமா, இல்லையா? ஒரு வார்த்தை எழுது.

சரளா


ஊரப்பாக்கம்
8 டிசம்பர் 2002

அன்புள்ள அக்கா,

எல்லாரும் நலம்தானே? இங்கே மழை கொட்டுகிறது, தாம்பரம் சப்வேயில் முழங்கால் தண்ணீர். அம்மா வடாம் போட முடியவில்லை என்று வானத்தைத் திட்டுகிறாள்.

புது ஜோடி நன்றாகப் பழகி வருகிறது. இதில் ஒன்று கற்றுக்கொண்டேன். வட்டு வேகமாக ஓடும்போது எண்ணெயைத் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது, அப்போது பயமில்லை. கிளம்பும்போதும் நிற்கும்போதும்தான் ஆபத்து. வேகம் இல்லை, படலமும் இல்லை, இரும்பு இரும்பைத் தொடுகிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் ஓட்ட வேண்டியிருக்கிறது. சர்ச் முடிந்து நேரே வந்து எந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். பட்டை மறுபடியும் வந்துவிட்டது! மெல்லிசாக, அழகாக. யாரும் தொடக்கூடாது என்று எந்திரத்தில் அட்டை மாட்டியிருக்கிறது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'பென்னி உட்பட' என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

நேற்று நல்ல எடையில் ஓட்டினோம், தாங்கியது. அடுத்த வாரம் பட்டையை எடுத்துவிட்டு ஓட்ட வேண்டும். எமரித் தாளை யார் பிடிப்பது என்றதும் அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். நான்தான் பிடிக்கப் போகிறேன்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. ஆராய்ச்சி நடக்கிறது என்று மட்டும் தெரியும். பூஜைக் கதையை மட்டும் சொன்னேன். "துடைக்கிறதுக்கு ஒரு அளவு வேணாமா? யாரு பெத்த பிள்ளையோ!" என்றாள்.

குட்டிக்குக் கவுன் அனுப்பியிருக்கிறேன், அளவு சரியா என்று எழுது.

உன்,
வெண்ணிலா

ஆமாம்.


திக்லிப்பூர்
29 டிசம்பர் 2002

என் தங்கமே,

கவுன் சரியாக இருக்கிறது. நாங்கள் நலம். அந்த ஒரு வார்த்தையை முதலில் படித்துவிட்டுத்தான் மற்றதைப் படித்தேன்.

அம்மாவிடம் நான் பேசட்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வேண்டாம். சார் கையெழுத்துப் போட்டதும் நீயே சொல். 'உன் இஷ்டம்' என்று வாக்குக் கொடுத்தவள் அம்மா. முதலில் கத்துவாள், கத்தட்டும். நீ பதிலுக்குக் கத்தாதே. சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று அழுவாள். அதற்கும் பேசாமல் இரு. மெதுவாக எடையை ஏற்று, உனக்குத் தெரியாததா?

உன் பதில் வரும் வரை நான் தினமும் தபாலாபீஸ் வாசலில்தான்.

அக்கா


ஊரப்பாக்கம்
19 ஜனவரி 2003

அன்புள்ள சரளாவுக்கு அம்மா எழுதுவது.

நான் நலம். மாப்பிள்ளை, குழந்தை, நீ நலமாக இருக்க அந்த நரசிம்மர் துணை. கை வலி தேவலை.

உன் தங்கை பரீட்சை ஓட்டம் எல்லாம் முடித்து, வாத்தியார் கையெழுத்தோடு மார்கழி கடைசியில் வந்து நின்றாள். அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னாள். உனக்கு முன்னாடியே தெரியும் என்பது எனக்குத் தெரியும், அதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். நான் கத்தினேன். அவள் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. அப்பா இல்லாத வீட்டில் நாலு பேர் நாக்கு மேல் பல்லுப் போட்டுப் பேசுவார்களே என்று அழுதேன். அதற்கும் சும்மா இருந்தாள். பெற்ற வயிறு, சரி வரச்சொல் பார்க்கலாம் என்றேன். பார்ப்பதற்கு மட்டும்தான் என்றும் சொன்னேன்.

மாட்டுப் பொங்கல் அன்று சாயந்திரம் அந்தப் பையனும் அவன் அம்மா செல்லம்மாவும் வந்தார்கள். அந்தம்மா நல்ல மாதிரி, என் மணிக்கட்டைப் பார்த்து ஒத்தடம் சொல்லிக் கொடுத்தார்கள். டிபனுக்குத் தோசை வார்த்தேன். பையன் எட்டுத் தின்றான். சாப்பிட்டபின் காபிக்குப் பால் வாங்க வெண்ணிலா கடைக்குப் போனாள். நாங்கள் இரண்டு அம்மாவும் முன்னறையில் கோயிலா சர்ச்சா என்று மெதுவாகப் பேச்சை ஆரம்பித்தோம். பேச்சு நல்லபடியாகப் போகவில்லை. அவர்களுக்கும் அவர்கள் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே.

அப்போது பின்னால் குழாய்ச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அந்தப் பையன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பாத்திரம் தேய்க்கிறான்! எனக்குக் கை வலி என்று அவனாகவே உட்கார்ந்துவிட்டான். உன் தங்கை எந்திரத்தைத் தேய்த்துப் பாழாக்கியவன் ஆயிற்றே! ஐயோ, என் தோசைக்கல் போச்சே என்று ஓடினேன்.

குண்டான், மூடி, கரண்டி எல்லாம் கடையில் வாங்கினது மாதிரி மின்னுகிறது. கல்லைக் காணோம். பார்த்தால், துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, அதன் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறான்.

"இதை மட்டும் ஏம்பா விட்டுட்ட?" என்றேன்.

"அது பழகின கல்லு ஆன்ட்டி. அதுல கை வைக்கக் கூடாது. ஒரு தடவை வெச்சு, உங்க பொண்ணு அழுததைப் பார்த்தேன். போதும்" என்றான்.

முன்னறைக்கு வந்து செல்லம்மா பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் ரெஜிஸ்டர் ஆபீஸ், மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பெங்களூர் ஜாதகத்தை இன்று தரகரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வெண்ணிலாவிடம் இன்னும் சொல்லவில்லை. என்னிடம் மறைத்ததற்கு இரண்டு நாள் தவிக்கட்டும். நீயும் முந்திக்கொண்டு எழுதிவிடாதே. சித்திரையில் எல்லாரும் வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
அம்மா, சாவித்ரி

அக்கா, நான் வெண்ணிலா. ரயில்வே ஸ்டேஷன் தபால் பெட்டி பக்கத்தில் நின்று எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். இந்தக் கடிதத்தைப் போஸ்ட் பண்ணச் சொல்லி அம்மா என்னிடம்தான் கொடுத்தாள். கவரை ஒட்டாமல் கொடுத்திருக்கிறாள். பசை டப்பா அலமாரியில், அவள் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அம்மா எதையாவது மறந்து செய்து நீ பார்த்திருக்கிறாயா? நானும் எதுவும் தெரியாதவள் மாதிரி வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தவிக்கப் போகிறேன், அக்கா. அவளுக்காக.